பாடத் தெரியாதவர்களுக்கு ஒரு வகுப்பு





இந்த வாரத் தியானத்தில் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம் சபைகள் ஒவ்வொன்றிலும், பாடத் தெரியாத பெரியவர்களுக்கென்று ஒரு பாட்டு வகுப்பு நடத்தப்பட வேண்டும். நான் சொல்வது பாடகர் குழுவுக்கு ஆள் எடுக்கும் பயிற்சி அன்று. பிள்ளைகளுக்கான கோடை விடுமுறை வகுப்பும் அன்று. “எனக்கு வராது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று நாற்பது வயதிலும் அறுபது வயதிலும் சொல்லிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்கான வகுப்பு. இது பொழுதுபோக்குக் காரியம் என்று சிலர் நினைக்கலாம். சபை என்பது யார் என்ற கேள்வியே இதற்குள் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

கடந்த ஞாயிறு ஆராதனையை நினைத்துப் பாருங்கள். பாடல் அறிவிக்கப்பட்டது. கீபோர்டு தொடங்கியது. ஒலிவாங்கியின் முன் நின்ற நான்கைந்து பேர் அருமையாகப் பாடினார்கள். அவர்களுடைய உழைப்புக்காகத் தேவனைத் துதிக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உங்கள் பக்கத்தில் நின்றவரின் குரல் உங்கள் காதில் விழுந்ததா? உங்கள் குரல் உங்களுக்கே கேட்டதா? திரையில் எழுத்துகள் ஓட, உதடுகள் அசைய, நூறு பேர் கூடிய ஆலயத்தில் ஐந்து பேர் பாடிய பாட்டைத்தான் நாம் சபையின் பாட்டு என்று சொல்லிக்கொண்டோம்.

வேதாகமம் காட்டும் காட்சி வேறு. நாளாகமம் முதலாம் புத்தகத்தின் 25ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தேவாலயத்தில் பாடுவதற்குத் தாவீது ஆசாப், ஏமான், எதுத்தூன் என்பவர்களின் குடும்பத்தாரை ஏற்படுத்துகிறான். தேறிய பாடகர்களின் தொகை 288. இத்தனை பேருக்கும் முறை வகுக்க வேண்டியபோது, தகுதியின்படி வரிசைப்படுத்தவில்லை, சீட்டுப் போட்டார்கள். அந்தச் சீட்டில் சிறியவனும் பெரியவனும், கற்பிக்கிறவனும் கற்கிறவனும் ஒன்றாகவே சேர்க்கப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. இஸ்ரவேலின் மிகச் சிறந்த பாடகர் கூட்டத்திலும் மாணாக்கனுக்கு இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். முழுவதும் கற்றுத் தேறிய பின்பு வா என்று அவனிடம் சொல்லவில்லை. கற்கும் நிலையிலேயே அவன் ஆலயத்தின் சேவையில் நின்றான். நூறாம் சங்கீதமும் பூமியின் குடிகள் எல்லாரையும் அழைக்கிறதே தவிர, குரல் வளம் உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்து அழைக்கவில்லை.

நம் கரையோரத்துக்கும் இந்தப் பாடம் புதிதன்று. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். அந்த இழுவைக்குப் பாட்டு வேண்டும், அதுவே அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். வாங்கிப் பாடும் அந்த நொடியில் எல்லாக் கைகளும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கும். அங்கே எவரும் குரல் தேர்வு வைத்து ஆளைச் சேர்ப்பதில்லை. கயிற்றைப் பிடித்தவன் பாடுவான். பாடாதவனின் இழுவை மற்றவர்களோடு சேராது. புதிதாக வந்த பையன் முதல் நாளில் முணுமுணுப்பான். சில நாட்களில் அவனும் முழுக்குரலில் பாடுவான். எழுத்தும் பாடத்திட்டமும் இல்லாமல் நம் முன்னோர் நடத்திய பாட்டு வகுப்பு அது.

விசைப்படகுகள் வந்தன, இயந்திரங்கள் வந்தன. கையால் இழுக்கும் வேலை குறைந்தது. அதனோடு அம்பாவும் குறைந்தது. உடல் நோவு தணிந்ததற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இயந்திரம் இழுக்கும்போது மனிதன் பாட வேண்டியதில்லை என்ற அதே நிலை ஆலயத்துக்குள்ளும் வந்துவிட்டதே என்பதுதான் என் துக்கம். ஒலிபெருக்கி நமக்காகப் பாடுகிறது. நாம் நின்று பார்க்கிறோம். மீன்பிடித் தொழிலில் கயிற்றை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். துதியை அப்படி ஒப்படைக்க முடியாது.

நாம் மௌனமானதற்குச் சபையாரின் அசட்டை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பாடலை நடத்துகிறவர்களாகிய எங்கள் பக்கமும் காரணங்கள் உண்டு. முதலாவது, சுருதி. முன்னால் நின்று பாடுகிறவர் பயிற்சி பெற்றவர், இளவயதினர். தம் குரலுக்கு எடுப்பாக இருக்கும் சுருதியை அவர் தேர்ந்துகொள்கிறார். அந்த உயரத்துக்கு வயல்வேலை செய்து களைத்த தாயாலோ, இரவெல்லாம் கடலில் இருந்து திரும்பிய தகப்பனாலோ எட்ட முடியாது. இரண்டாம் அடியிலேயே தொண்டை இறுகும். மூன்றாம் அடியில் வாய் மூடிக்கொள்ளும். அவர்களுக்குப் பாட வரவில்லை என்று நாம் முடிவு செய்கிறோம். உண்மையில் பாடல்தான் அவர்களிடம் வரவில்லை. இரண்டாவது, ஒலியின் அளவு. தன் குரல் தனக்குக் கேட்காத இடத்தில் ஒருவரும் சரியாகப் பாட முடியாது. மூன்றாவது, ஒவ்வொரு வாரமும் புதுப்பாட்டு. ஒரு பாட்டு நாவில் படிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. “உன் குரல் நன்றாக இல்லை, நீ வாயை மட்டும் அசை” என்று யாரோ எப்போதோ சொன்ன சொல். பள்ளி விழாவுக்கான ஒத்திகையிலோ, வீட்டில் கேலியாகவோ, கல்யாண வீட்டில் நகைப்பாகவோ அது சொல்லப்பட்டிருக்கும். சொன்னவர் அன்றே மறந்திருப்பார். கேட்டவர் நாற்பது ஆண்டுகளாகத் தேவனுடைய சந்நிதியில் வாய் திறக்கவில்லை. நான் ஊழியம் செய்த சபைகளில் இப்படிப்பட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். ஜெபிக்கச் சொன்னால் கண்ணீரோடு ஜெபிப்பார்கள்; பாடச் சொன்னால் தலையைக் குனிவார்கள். நாவினாற் சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவர் சொன்னது இவர்களுக்கு முற்றிலும் பொருந்தும்.

அன்பானவர்களே, “எனக்குச் சுருதியே சேராது” என்பவர்களுக்குச் சில உண்மைகளைச் சொல்ல விரும்புகிறேன். சுருதி வேறுபாட்டைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் மிகச் சிலரே உண்டு. மற்றவர்களுக்கு இல்லாதது பயிற்சிதான். பேசும்போது ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை அதிர்கின்றன. பெண்ணுடையவை ஏறத்தாழ 200 முறை. ஆகவே ஒரே பாட்டை இருவரும் சேர்ந்து பாடும்போது, பெண்குரல் ஒரு ஸ்தாயி மேலே அமைவது இயல்பு. இதை அறியாத புதியவர், முன்னால் பாடும் சகோதரியின் உயரத்துக்கே தம் குரலை ஏற்ற முயன்று, உடைந்து, வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறார். அவருக்குக் குறை காதிலும் இல்லை, தொண்டையிலும் இல்லை. “ஐயா, நீங்கள் கீழே பாடலாம்” என்று சொல்ல ஆள் இல்லாததே குறை.

காதால் கேட்ட சுரத்தைக் குரலால் பிடிப்பது, வலையின் கண்ணி பின்னுவதைப் போல ஒரு கைப்பழக்கம். கேட்க வேண்டும், முயல வேண்டும், வேறுபாட்டை உணர வேண்டும், திருத்த வேண்டும். அதனால்தான் கர்நாடக இசையைக் கற்பிப்பவர்கள் எவரையும் கீர்த்தனையில் தொடங்குவதில்லை. சரளி வரிசையில், மாயாமாளவகௌளை இராகத்தில், ஏறுவதும் இறங்குவதும் ஒழுங்காய் அமைந்த படிகளில் தொடங்குகிறார்கள். இந்தப் பாடமுறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பெரிய வித்துவான்களும் அந்த முதற்படியில் நின்றவர்களே.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. நம் தென்மாவட்டச் சபைகள் பலவற்றில் நான்கு குரல் பாட்டுக்குப் பயன்படும் சோல்ஃபா முறையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பரப்பிய ஜான் கர்வென் இங்கிலாந்தில் ஒரு சபைப் போதகர், இசைவாணர் அல்லர். 1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஏழைப் பிள்ளைகளும் எளிதாகப் பாடக் கற்கும் வழியைக் கண்டறியும்படி அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். நாரிச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கியிருந்த முறையை அவர் எடுத்துச் செம்மைப்படுத்தினார். இசையில் பயிற்சி பெறாத ஒரு போதகர், தம்மைப்போன்ற எளியவர்களுக்காக உழைத்ததன் பயன், கடல் கடந்து நம் ஆலயங்கள்வரை வந்து சேர்ந்தது.

நம் நாட்டவரான ஆபிரகாம் பண்டிதரையும் நினைவுகூர்கிறேன். 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த சித்த மருத்துவர். நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பேரிசை நூலை வெளியிட்டவர் என்றே அவரைப் பலரும் அறிவார்கள். அந்த ஆராய்ச்சியாளர், தொடக்க நிலை மாணாக்கருக்காகத் தமிழிலேயே கீதங்களையும் கீர்த்தனைகளையும் இயற்றினார் என்பதும் நினைக்கத்தக்கது. கற்பவருக்குப் பொருள் விளங்காத மொழியில் பாடம் இருந்தால் அது மனத்தில் தங்காது. இசையின் நுட்பங்களை ஆராய்ந்த அறிஞர் முதற்படியில் நிற்பவரையும் மறக்கவில்லை.

இராமநாதபுரத்தில் ஒரு பள்ளி சுவார்ட்ஸ் ஐயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து கற்றவரே தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளோடு, நம் இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளும் ஆலயத்தில் ஒலிக்க வழிசெய்தவர்களில் அவர் முதன்மையானவர். அண்மைக் காலத்தில், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயர் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார். பறட்டை என்ற பெயரால் பலரும் அறிந்த அவர், கிராமத்து மக்களின் நாட்டுப்புற மெட்டுகளிலேயே வழிபாட்டை அமைத்தார். பயிற்சி பெற்ற சிலர் பாட மற்றவர்கள் கேட்கும் இசையைவிட, கூடியிருப்போர் அனைவரும் உடனே சேர்ந்து பாடக்கூடிய இசையே எளியோரின் விடுதலைக்கு உகந்தது என்பது அவருடைய துணிபு. 2005இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் எழுப்பிய கேள்வி இன்னும் நம் முன் நிற்கிறது: நம் பாட்டு யாருடைய வாய்க்கு ஏற்றதாக இருக்கிறது?

தனியாகக் கற்றால் போதாதா, குழுவாகக் கற்பது ஏன் என்று கேட்கலாம். கைப்பேசியிலேயே இன்று பாடம் கிடைக்கிறதே என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. முதியோர் கல்வி வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாத காலம் கவனித்தார்கள். சிலர் பாட்டு வகுப்பிலும், சிலர் கைவினை வகுப்பிலும், சிலர் எழுத்து வகுப்பிலும் இருந்தார்கள். முடிவில் எல்லா வகுப்பினரும் தங்களுக்குள் நெருக்கமானார்கள். ஆனால் பாட்டு வகுப்பில் இருந்தவர்களிடையே அந்த நெருக்கம் மிக விரைவில் உண்டாயிற்று; ஒருவரையொருவர் அறியாதவர்களுக்கு நடுவே இருந்த பனியைப் பாட்டு முதலில் உருக்கியது. 2013இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்களும், சேர்ந்து பாடுகிறவர்களின் மூச்சு ஒன்றுபடும்போது இருதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றுபடுவதைக் கண்டார்கள். ஒரே ஆவி, ஒரே சரீரம் என்று நாம் போதிப்பதை, சேர்ந்து மூச்செடுத்துப் பாடும் கூட்டம் தன் உடலிலேயே அனுபவிக்கிறது.

ஒரு தெருவில் வாழ்ந்தும் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. வலைத் தகராறும் எல்லைத் தகராறும் சாதி வேறுபாடும் ஆலயத்தின் வரிசைகளுக்குள்ளும் வந்து அமர்கின்றன. ஒரு பிரசங்கம் அவர்களை ஒரே இடத்தில் உட்காரவைக்கலாம். ஒரே நேரத்தில் மூச்செடுக்க வைப்பது பாட்டுதான். தன் குரலைத் தாழ்த்திப் பக்கத்துக் குரலுக்குச் செவிகொடுக்காமல் எவரும் சேர்ந்து பாட முடியாது. சுருதி சேர்வதும் ஒப்புரவாவதும் ஒரே பயிற்சியின் இரண்டு பெயர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வகுப்பு எப்படி இருக்க வேண்டும்? வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் போதும். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் வேண்டாம், தேர்வு வேண்டாம், ஒலிவாங்கி வேண்டவே வேண்டாம். வட்டமாக உட்காருங்கள், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி கற்க முடியாது. முதலில் மூச்சு: தோள் உயராமல் வயிறு விரிய உள்ளே இழுத்து, மெல்ல விடுங்கள். பிறகு சுருதிப்பெட்டியோடு வாயை மூடி ஒரே சுரத்தில் ரீங்காரம். அதன்பின் ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுங்கள், அம்பாவைப் போல. சுருதியை எல்லாரும் எட்டும் உயரத்தில் வையுங்கள். முதல் மாதத்துக்கு நன்கு தெரிந்த இரண்டே பாடல்கள் போதும். எவரையும் தனியாகப் பாடும்படி வற்புறுத்த வேண்டாம். சிரிப்பு வரலாம்; ஆனால் ஒருவரையும் பார்த்துச் சிரிக்கலாகாது. இந்த ஒரு விதியை மட்டும் மீறாதிருங்கள். போதகரும் சபை மூப்பரும் மாணாக்கராக அந்த வட்டத்தில் அமர வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

“ஆண்டவர் இருதயத்தைத்தானே பார்க்கிறார், குரலையா பார்க்கிறார்? பின் வகுப்பு எதற்கு?” என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், பிசகிய சுருதிக்காகத் தேவன் ஒருவரையும் தள்ளுவதில்லை. ஆனால் அந்த உண்மையை நாம் பெரும்பாலும் மௌனத்துக்குச் சாக்காகவே பயன்படுத்துகிறோம். இருதயத்தில் உள்ளது வாயில் வர வேண்டும் என்பதே வேதத்தின் ஒழுங்கு. கொலோசே சபைக்கு எழுதும் பவுல், பாட்டைத் தேவனுக்குச் செலுத்தும் காணிக்கையாக மட்டும் சொல்லவில்லை. விசுவாசிகள் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லும் வழியாகவும் சொல்லுகிறார். நீங்கள் பாடாதிருந்தால் தேவனுக்கு ஒன்றும் குறைவில்லை. உங்கள் பக்கத்தில் நிற்கும் துக்கமுள்ளவருக்கே குறைவு.

“வரம் பெற்றவர்கள் பாடட்டுமே” என்று இன்னொருவர் சொல்லலாம். வரம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஜெப வரம் பெற்றவர்கள் இருப்பதால் மற்றவர்கள் ஜெபிக்காமல் இருப்பதில்லை. கொடுக்கும் வரம் பெற்றவர்கள் இருப்பதால் மற்றவர்கள் காணிக்கைப் பையை வெறுமையாய்க் கடத்துவதில்லை. பாட்டிலும் அப்படியே. பாடகர் குழுவின் வேலை சபைக்குப் பதிலாகப் பாடுவதன்று, சபையைப் பாடவைப்பது. குழுவில் உள்ள என் பிள்ளைகளே, உங்கள் பாட்டின் வெற்றியை நீங்கள் பெறும் பாராட்டால் அளவிடாதீர்கள். பின்வரிசையிலிருந்து எழும் சத்தத்தால் அளவிடுங்கள். ஆராதனையில் ஒரு பாட்டையாவது இசைக்கருவியும் ஒலிபெருக்கியும் இன்றிச் சபையார் மட்டும் பாடும்படி விட்டுக்கொடுங்கள்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்? நம் வாழ்வில் பாட்டு மிகவும் தேவைப்படும் இடங்களில் ஒலிபெருக்கி இருப்பதில்லை. நள்ளிரவில் மரணம் நேர்ந்த வீட்டில் இருப்பதில்லை. மருத்துவமனைக் கட்டிலருகே இருப்பதில்லை. கடலில் இயந்திரம் நின்றுபோன படகில் இருப்பதில்லை. எல்லைக்கு அப்பால் சிறையில் அடைக்கப்பட்டுக் கரையை நினைத்துக் கலங்கும் நம் மீனவச் சகோதரரிடம் இருப்பதில்லை. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியபோது, அவர்கள் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்தன; முதுகில் அடியின் காயங்கள் இருந்தன. கையில் புத்தகம் இல்லை, கருவி இல்லை. நெஞ்சில் இருந்ததையே பாடினார்கள். மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஆண்டவரும் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில், பந்தி முடிந்து சீஷரோடு துதிப்பாட்டுப் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் புறப்பட்டார். அந்தச் சீஷர்கள் நல்ல குரல் உள்ளவர்களா என்று சுவிசேஷகர் எவரும் குறித்து வைக்கவில்லை. அவர்களில் சிலர் மீனவர்கள் என்பதை மட்டும் நாம் அறிவோம்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கிருந்த ஆலயத்தின் கற்சுவர்கள் கூரையின்றி இன்றும் மணலில் நிற்கின்றன. கட்டடம் போனாலும், பிழைத்து வந்தவர்கள் தங்கள் நெஞ்சில் கொண்டுவந்ததை எந்தப் புயலாலும் எடுத்துப்போக முடியவில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்வது ஒலிபெருக்கிகளை மட்டுமா? அவர்களுடைய நெஞ்சிலும் நாவிலும் தங்கும் பாட்டையும் விட்டுச்செல்ல வேண்டாமா?

ஆகவே, இந்த வாரமே உங்கள் சபைப் போதகரிடம் பேசுங்கள். பாடத் தெரிந்த ஒருவர், தெரியாத பத்துப் பேர் – வகுப்பு தொடங்க இவ்வளவே போதும். வயதைச் சொல்லித் தயங்காதீர்கள். என்றோ ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை இன்று இறக்கி வையுங்கள். நம் தேவனே தம் ஜனத்தின்பேரில் கெம்பீரமாய்க் களிகூருகிறவர் என்று செப்பனியா தீர்க்கதரிசி நமக்கு அறிவிக்கிறான். உங்களைக் குறித்து மகிழ்ந்து பாடுகிற தேவன், நீங்கள் பாடும்போது செவியை மூடிக்கொள்ளமாட்டார்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, எங்களுக்கு மூச்சைத் தந்தவர் நீரே. வெட்கத்தால் மூடிய வாய்களைத் திறந்தருளும். மற்றவரின் குரலை இகழ்ந்த எங்கள் நாவை மன்னித்தருளும். சிறியோரும் பெரியோரும், கற்றோரும் கற்போரும் ஒருமனப்பட்டு உம்மைத் துதிக்கும் சபையாக எங்களை ஆக்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்